பதினோரு வினாடி திறந்திருந்த கதவு

அந்தக் கட்டடத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. அமைச்சரிலிருந்து கூட்டிப் பெருக்குகிறவர் வரை எல்லாருக்கும் அவர் தாழ்ப்பாள்தான். ஊழியர்களுக்கு 'தாழ்ப்பாள் அண்ணே', உறுப்பினர்களுக்கு வெறும் 'தாழ்ப்பாள்'. அவருக்கு அதில் கோபம் வந்ததில்லை. உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. பின்னே, நாட்டுக்கே சட்டம் செய்கிற சபையில் சட்டப்படி நடக்கிற ஒரே ஆள் என்று பெயர் எடுப்பது லேசுப்பட்ட காரியமா?

வேலை சின்னதுதான். அவைக்கு இரண்டு வாசல். ஓட்டெடுப்பு என்று தலைவர் அறிவித்ததும் மணி அடிக்கத் தொடங்கும். கேன்டீன், நூலகம், கழிப்பறை, எங்கே இருந்தாலும் அந்த மணிக்குத் தப்ப முடியாது. எட்டு நிமிடம் விடாமல் அடிக்கும். மேற்கு வாசலை மணி தொடங்கும்போதே பூட்டிவிடுவார்கள். கிழக்கு வாசல் இவருடையது. மணி நின்ற அந்த நொடியே இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தி, மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு பித்தளைத் தாழ்ப்பாளையும் வெளிப்பக்கமாகப் போட வேண்டும். அப்புறம் வருகிறவர் யாராக இருந்தாலும் வெளியேதான். உள்ளே எண்ணி முடித்து, தலைவர் முடிவைச் சொல்லி, மூன்று தட்டு கேட்ட பிறகுதான் திறக்கலாம். நடுவில் உள்ளே தீப்பிடித்தால் என்ன செய்வது என்று விதிப் புத்தகத்தில் எழுதவில்லை. இவரும் கேட்டதில்லை.

இருபத்தேழு வருடத்தில் அவர் வெளியே நிறுத்தி வைத்தவர்களின் பட்டியல் நீளம். ஒருமுறை நிதி அமைச்சரின் செயலர் கோப்புக் கட்டோடு முன்னால் ஓடி உள்ளே போய்விட்டார். பின்னால் மூச்சிரைக்க வந்த அமைச்சர் வெளியே மாட்டிக்கொண்டார். ஓட்டுப் போட வேண்டியவர் வெளியே, ஓட்டே இல்லாதவர் உள்ளே. அமைச்சர் கத்தினார், கெஞ்சினார், வேலையை விட்டே தூக்கிவிடுவேன் என்றார். இவர் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்று, "மணி நின்னுடுச்சுங்க ஐயா" என்று மட்டும் சொன்னார். அந்த அமைச்சரே அடுத்த வருடம் அதைச் சிரிக்கச் சிரிக்க மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பெரிய மனிதர்களுக்கு இப்படி ஒரு கறார் ஆளைக் காட்டிப் பெருமைப்படுவது பிடிக்கும். தங்களால் முடியாததை இன்னொருவனைச் சம்பளத்துக்கு வைத்துச் செய்விக்கிறார்கள் அல்லவா.

கதவுப் பக்கத்தில் ஒரு சாய்மேசை, அதன்மேல் ஒரு பதிவேடு. தேதி, ஓட்டுக்கு வரும் சட்டத்தின் எண், மணி தொடங்கிய நேரம், நின்ற நேரம், தாழ் போட்ட நேரம், கையெழுத்து. தாழ் போட்ட பிறகு கதவை விட்டு நகரக் கூடாது என்பது விதி. தாழ் போட்டதும் எழுத வேண்டும் என்பதும் விதி. மேசை நாலடி தள்ளி இருந்தது. இரண்டு விதியையும் எழுதிய புண்ணியவான் ஒருநாளாவது அந்த வாசலில் நின்று பார்த்திருக்க மாட்டான். அதனால் இவர் மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே எல்லாக் கட்டத்தையும் நிரப்பிக் கையெழுத்தையும் போட்டுவிட்டு, கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பார். எட்டு நிமிடம் என்றால் எட்டு நிமிடம்தான். எழுதிய நேரத்துக்கும் சாத்திய நேரத்துக்கும் இம்மி பிசகாது. ஆகவே அது பொய் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று அவர் காது கொடுத்ததும் இல்லை. மனைவி கேட்பாள், இன்றைக்கு என்ன சட்டம் வந்தது என்று. "கதவுக்கு எதுக்குடி அதெல்லாம்?" என்பார். கேலியாகத்தான் சொல்வார், ஆனால் நிஜமாகவே அப்படித்தான் வாழ்ந்தார்.

பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருந்தது. யாரையும், எந்தக் குற்றமும் சாட்டாமல், எந்த நீதிபதி முன்னாலும் நிறுத்தாமல், ஓர் அதிகாரியின் கையெழுத்தில் உள்ளே வைக்கலாம். ஆறு மாதத்துக்கு ஓர் ஆணை. முடிந்தால் இன்னோர் ஆணை. தற்காலிகச் சட்டம் என்றுதான் பெயர். வருடா வருடம் அவையில் நீட்டிப்பார்கள். கூட்டத்தொடரின் கடைசி நாளில், எல்லாரும் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில், அது வரும். பேச்சு நாலு நிமிடம், மணி எட்டு நிமிடம். பதினேழு முறை அந்த நீட்டிப்புக்கு மணி அடித்திருக்கிறது. பதினேழு முறையும் கதவைச் சாத்தித் தாழ் போட்டது இவர் கை. அந்த நாள்களில் அவருக்கு இருந்த ஒரே கவலை, இது முடிந்தால் பேருந்தைப் பிடிக்கலாம் என்பதுதான்.

ஒரே மகள். அரசு மருத்துவமனையில் செவிலி. ஆலை வேலைநிறுத்தத்தில் சுடப்பட்டு வந்தவர்களை அவள் வார்டில் சேர்த்தார்கள். துப்பாக்கிக் காயம் என்று எழுத வேண்டாம், தவறி விழுந்த காயம் என்று எழுது என்று மேலே இருந்து சொல்லி அனுப்பினார்கள். அவள் பார்த்ததை எழுதினாள். ஒன்பது பேர், ஒன்பது துப்பாக்கிக் காயம். நாலாம் நாள் பணி முடிந்து சீருடையோடு வெளியே வந்தவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வீட்டுக்கு வந்த காகிதத்தில், பொது அமைதிக்குப் பங்கம் விளைவிக்கக்கூடியவர் என்று இருந்தது. விளைவித்தார் என்று இல்லை. விளைவித்தார் என்று எழுதினால் யாராவது நிரூபிக்க வேண்டும். விளைவிக்கக்கூடியவர் என்பதற்கு மை மட்டும் போதும்.

காகிதத்தின் தலைப்பில் சட்டத்தின் எண் போட்டிருந்தது. அந்த எண்ணை அவருக்குத் தெரியும். பதினேழு தடவை பதிவேட்டில் எழுதிய எண். மனைவியிடம் அதைச் சொல்ல அவருக்கு ஒரு வாரம் ஆயிற்று. சொன்னபோது அவள் அழவில்லை. "நீங்கதான் பூட்டினீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகுதான் கதவுக்குக் காது முளைத்தது.

அவையில் தனியாளாக ஓர் உறுப்பினர் இருந்தார். எந்தக் கட்சியும் இல்லை. வக்கீல் தொழில் செய்தவர். எல்லாரும் வக்கீலம்மா என்பார்கள். விசாரணை இல்லாமல் உள்ளே இருப்பவர்களைச் சிறையில் போய்ப் பார்க்கிற ஒரே உறுப்பினரும் அவர்தான். அந்தம்மா ஒரு மசோதா வைத்திருந்தார். ஒருவரைத் தொண்ணூறு நாளைக்கு மேல் விசாரணை இல்லாமல் வைக்கக் கூடாது. தொண்ணூறாம் நாள் நீதிபதி முன்னால் நிறுத்து, இல்லாவிட்டால் விட்டுவிடு. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். மொத்தம் ஒன்றரைப் பக்கம். முதல் தடவை கொண்டுவந்தபோது நேரமில்லை என்று எடுத்துக்கொள்ளவே இல்லை. இரண்டாம் தடவை ஒரு குழுவுக்கு அனுப்பினார்கள். கிணற்றில் போட்ட கல்தான். மூன்றாம் தடவை அந்தம்மா விடாப்பிடியாக நின்று, கெஞ்சி, சண்டை போட்டு, ஒரு வியாழக்கிழமை மதியத்தை வாங்கிவிட்டார்.

அப்போது மகள் உள்ளே போய்ப் பத்தொன்பது மாதம். மசோதா நிறைவேறினால் ஒரு வாரத்துக்குள் அவளை நீதிபதி முன்னால் நிறுத்தியாக வேண்டும். நிறுத்துவதற்கு அவர்களிடம் எந்தக் குற்றமும் இல்லை. அதாவது அவள் வீட்டுக்கு வருவாள். மனைவி மகளின் அறையைக் கழுவித் துடைத்து, மெத்தையை வெயிலில் போட்டாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

உறுப்பினர்களிடம் எந்த மசோதாவைப் பற்றியும் ஊழியர்கள் வாய் திறக்கக் கூடாது. இவரும் திறக்கவில்லை. ஆனால் புதன்கிழமை மாலை வக்கீலம்மா கிழக்கு வாசல் வழியாகப் போனபோது ஒரு கணம் நின்று இவர் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் மாதிரி இருந்தது. "நாளைக்குப் பார்ப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு வார்த்தைக்கு இவருக்கு இரவு முழுக்கத் தூக்கமில்லை.

வியாழக்கிழமை நாலு மணி பத்து நிமிடத்துக்கு மணி அடிக்கத் தொடங்கியது. மேசைக்குப் போய் வழக்கம்போல் எழுதினார். மணி தொடக்கம் 4.10. நிறுத்தம் 4.18. தாழ் 4.18. கையெழுத்தின் வால் மட்டும் கொஞ்சம் கோணிக்கொண்டது. திரும்பி வந்து கதவைப் பிடித்துக்கொண்டார்.

உறுப்பினர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இருபத்தேழு வருடத்தில் முதல் தடவையாக இவர் நம்ம ஆள், இவர் அந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்த்தார். ஆறு நிமிடம் ஆயிற்று, ஏழு ஆயிற்று, கைத்தடி ஐயாவைக் காணவில்லை. எழுபத்தெட்டு வயது, முழங்கால் தேய்ந்தவர், எதிர்க்கட்சி. முந்தைய நாள் அவையில் மசோதாவுக்காகப் பேசிக் கண்கலங்கியவர். இவர் நடைவழியை எட்டிப் பார்த்தார். அப்போதுதான் மாடிப்படியில் கைத்தடிச் சத்தம் கேட்டது. மின்தூக்கி வேலை செய்யவில்லை. மனிதர் மூன்று மாடியை அந்தக் காலோடு இறங்கிக்கொண்டிருந்தார்.

கடைசிப் படியில் அவர் கால் வைத்தபோது மணி நின்றது.

படியிலிருந்து கதவுக்கு ஏழெட்டுத் தப்படி இருக்கும். நடைவழி முழுக்க ஒரே அமைதி. கைத்தடி ஐயா தலைநிமிர்ந்து பார்த்தார்; தாழ்ப்பாள் என்றால் என்ன என்று அவருக்கும் தெரியும்; முகம் தொங்கிவிட்டது. அப்படியும் நடையை நிறுத்தவில்லை. டக், டக் என்று வந்துகொண்டிருந்தார்.

இவர் கை கதவை இழுக்கவில்லை. இழு என்று மூளை சொன்னது, கை கேட்கவில்லை என்றெல்லாம் பிற்பாடு மனைவியிடம் சொல்லிப் பார்த்தார். அது உண்மையில்லை. மனதறிந்துதான் செய்தார். ஒரு ஓட்டு, என் பிள்ளைக்கு ஒரே ஒரு ஓட்டு என்று நினைத்துக்கொண்டு, கதவை அகலத் திறந்து பிடித்தார். மனதுக்குள் எண்ணவும் எண்ணினார், பழக்கதோஷம்.

ஒன்பதாவது வினாடியில் கைத்தடி ஐயா வாசற்படியைத் தாண்டினார். அதற்குள் நடைவழியின் மறுகோடியிலிருந்து, கேன்டீன் பக்கமாக, ஆளுங்கட்சிக்காரர்கள் இரண்டு பேர் கதவு வரை ஓடிவந்துவிட்டார்கள். நன்றாகச் சத்தம் கேட்க ஓடிவந்தார்கள். கதவு திறந்திருப்பதைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் முகத்தில் ஈயாடவில்லை. ஒருவர் நின்றேவிட்டார். மற்றவர் இவரைப் பார்த்த பார்வையில் நன்றி இல்லை. ஏண்டா பாவி என்பது போல இருந்தது. பின்னால் அவர்கள் கட்சிக் கொறடாவின் ஆள் வந்துகொண்டிருந்தான், "போங்க போங்க, இன்னும் திறந்துதான் இருக்கு" என்று. வேறு வழியில்லாமல் இரண்டு பேரும் உள்ளே போனார்கள். இவர் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். பதினோரு வினாடி.

கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றார். உள்ளே எண்ணுகிறார்கள். மகள் பிறந்தபோது பிரசவ அறைக்கு வெளியே இவர் நின்றது கிடையாது, அன்றைக்கும் கூட்டத்தொடர். அதற்கும் சேர்த்து இன்றைக்கு நின்றார். ஒரு கத்தல் கேட்டது, பிறகு மேசையைத் தட்டும் சத்தம். யார் தட்டுகிறார்கள் என்று புரியவில்லை. அப்புறம் மூன்று தட்டு.

திறந்தார். முதலில் வெளியே வந்தவர்கள் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அந்தச் சிரிப்பு எந்தப் பக்கத்துச் சிரிப்பு என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கைத்தடி ஐயா வந்து இவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"சமமாப் போச்சுப்பா. எழுபத்து மூணு, எழுபத்து மூணு. தலைவர் தன் ஓட்டை அந்தப் பக்கம் போட்டுட்டார். ஆனா நீ எனக்காக நின்னியே, அதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

மறந்தால் தேவலை என்று இவருக்குத் தோன்றியது. எழுபத்து மூன்று, எழுபத்து மூன்று. கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு பக்கம் ஒன்றைக் கழித்தார், மறுபக்கம் இரண்டைக் கழித்தார். எழுபத்திரண்டு, எழுபத்தொன்று.

எல்லாரும் போன பிறகு வக்கீலம்மா வந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இவர் நடந்ததைச் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. அந்தம்மா தலையைத் தூக்காமல் கேட்டார்.

"அந்த ரெண்டு பேரும் வரக் கூடாதவங்க, அண்ணே," என்றார் கடைசியில்.

"என்னம்மா சொல்றீங்க?"

"மசோதாவுக்கு ஓட்டுப் போட அவங்களுக்குத் தைரியம் இல்ல. எதிர்த்துப் போடவும் மனசு இல்ல. உள்ள வந்துட்டா கட்சி சொன்னபடி எதிர்த்துத்தான் போட்டாகணும். ஒரு மாசமா நடையா நடந்து பேசி வெச்சிருந்தேன். மணி அடிக்கறப்போ கேன்டீன்ல உட்கார்ந்திருப்பாங்க. மணி நின்னதும் எல்லாரும் பார்க்கற மாதிரி ஓடி வருவாங்க. கதவு பூட்டியிருக்கும். கட்சியில கேட்டா, தாழ்ப்பாள் சாத்திட்டான், நாங்க என்ன பண்றதுன்னு சொல்லிடலாம். யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. நிதி அமைச்சரையே வெளியில நிறுத்தினவர் ஆச்சே நீங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"நேத்து சொல்லலாம்னுதான் வந்தேன். விதிப்படி நடக்கற மனுஷன்கிட்ட போய் விதிப்படி நடங்கன்னு கேட்டா, அதுவே விதிக்கு விரோதம்னு தலைவர்கிட்ட போய்ச் சொல்லிடுவீங்களோன்னு பயம். அதோட, சொல்ல வேண்டிய அவசியமே இல்லன்னு நினைச்சேன். சூரியன்கிட்ட போய், நாளைக்கு உதிச்சிடுப்பான்னு யாராவது சொல்வாங்களா?"

அதில் குத்தல் இல்லை. அந்தம்மா நிஜமாகவே களைத்துப் போயிருந்தார். இருபத்தேழு வருடம் சேர்த்த பேரை நம்பி ஒருத்தி திட்டம் போட்டிருக்கிறாள். அந்தப் பேரை அன்றைக்குப் பார்த்து இவர் கைவிட்டார். இதைவிடக் கேவலமான நாளை அவர் தேர்ந்தெடுத்திருக்க முடியாது.

அவைச் செயலாளரின் அறைக்குப் போனார். இதுவரை அந்த அறைக்கு வாழ்த்துச் சொல்ல மட்டும்தான் போயிருக்கிறார்.

"மணி நின்னப்புறம் கதவைத் திறந்து வெச்சிருந்தேன் ஐயா. பதினோரு வினாடி. மூணு பேர் உள்ள வந்தாங்க. அந்த மூணு ஓட்டும் செல்லாது. வேலையை விட்டு எடுத்துடுங்க, வழக்குப் போடுங்க, எதுவானாலும் சரி. ஓட்டைத் திரும்ப எண்ணச் சொல்லுங்க."

செயலாளர் பதிவேட்டை வரவழைத்தார். கண்ணாடியைப் போட்டுப் படித்தார். "இது யார் கையெழுத்து?"

"என்னுதுதான்."

"நாலு பதினெட்டுக்கு மணி நின்னது, நாலு பதினெட்டுக்குத் தாழ் போட்டதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே."

"அதை முன்னாடியே எழுதிடுவேன் ஐயா. மணி அடிக்கறப்பவே."

"எத்தனை நாளா?"

"வந்த நாள்ல இருந்து."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ இருபத்தேழு வருஷத்து ஓட்டெடுப்பையும் செல்லாதுன்னு சொல்லச் சொல்றீங்களா? இந்த நாட்டுல ஒரு சட்டம் மிஞ்சாது, தெரியுமா?"

அப்படி ஒரு சட்டமும் மிஞ்சாமல் போனால் மகள் வீட்டுக்கு வருவாள் என்றுகூட இவருக்கு ஒரு கணம் தோன்றியது.

"இன்னொண்ணும் சொல்றேன். ஆட்சேபம் இருந்தா, தலைவர் முடிவை அறிவிக்கறதுக்கு முன்னாடி, ஓர் உறுப்பினர் எழுந்து சொல்லணும். அதுக்கப்புறம் சொன்னா எடுத்துக்க முடியாது."

"அப்போ நான் கதவுக்கு வெளியில இல்லையா இருந்தேன் ஐயா."

"அதைத்தான் சொல்றேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க பொண்ணு உள்ள இருக்கறது எனக்குத் தெரியும். பெத்த மனசு, என்ன வேணா சொல்லத் தோணும். நான் இதைக் காதுல வாங்கலன்னு வெச்சுக்கறேன். போய்த் தண்ணி குடிங்க. நாளைக்கு வழக்கம் போல வாங்க."

செயலாளர் கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சல். திட்டியிருந்தால், வெளியே போ என்றிருந்தால், தண்டனை கிடைத்தது என்று இவர் கொஞ்சம் ஆறியிருப்பார். மன்னித்து அனுப்பிவிட்டார்கள். செய்யாத குற்றத்துக்கு மகளை வைத்திருக்கிறார்கள். செய்த குற்றத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள ஆளில்லை என்று, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத மனிதரிடம் சொன்னார். அந்த மனிதர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "அவகிட்ட இதைச் சொல்லித் தொலைக்காதீங்க," என்றாள். "தோத்துப் போச்சுன்னு மட்டும் சொல்லுங்க. உள்ள இருக்கறவ இதையும் சேர்த்துச் சுமக்கணுமா?"

"மறைக்கச் சொல்றியா?"

"நீங்க எழுதற நோட்டுல மட்டும் எல்லாம் நடந்தபடியா இருந்துச்சு?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

மாதத்துக்கு ஒருமுறை, பத்து நிமிடம், இரண்டு பேர் போகலாம். நடுவில் இரட்டைக் கம்பிவலை. முகம் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். மகள் அந்த மாதம் தலைவாரிப் பின்னலை மடித்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். இளைத்துப் போயிருந்தாலும் நடை அதே வார்டு நடை, வேகமும் நிமிர்வுமாக. அம்மாவிடம் நெஞ்செரிச்சலுக்கு மருந்து சாப்பிடுகிறாயா என்று விசாரித்தாள். பிறகு இவர் பக்கம் திரும்பினாள்.

"தோத்துப் போச்சுன்னு கேள்விப்பட்டோம்பா. பேப்பர் கொடுக்கறதில்ல. வார்டர்தான் சொன்னாங்க. எப்படிப்பா தோத்துச்சு? அந்த ரெண்டு பேரும் கடைசி நேரத்துல மாறிட்டாங்களா?"

மனைவி இவர் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். இவருக்கு அந்த அழுத்தம் உறைக்கவே இல்லை.

"எந்த ரெண்டு பேர்? உனக்கு எப்படித் தெரியும்?"

"வக்கீலம்மா போன மாசம் வந்து சொன்னாங்க. உங்ககிட்ட மட்டும் சொல்லிடாதேன்னாங்க. தெரிஞ்சா கை நடுங்கிடும்னு." லேசாகச் சிரித்தாள். "உங்க கை நடுங்காதுன்னு நான் சொன்னேன்."

அவர் சொன்னார். மணி நின்றதை, கைத்தடிச் சத்தத்தை, மனதறிந்து திறந்து பிடித்ததை, பதினோரு வினாடியை. சொல்லும்போது வலையைப் பார்த்தே சொன்னார். மனைவி முழங்கையை விட்டுவிட்டாள்.

மகள் நடுவில் குறுக்கிடவில்லை. நோயாளி சொல்வதைக் கேட்பது போலக் கேட்டாள்.

"அப்போ நீங்க எப்பவும் போல சாத்தியிருந்தா..."

"ஆமாம்மா."

"எனக்காகத்தான் திறந்தீங்க."

"உனக்காகத்தான்."

அவள் கம்பிவலையில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அழுகிறாளா என்று இவரால் பார்க்க முடியவில்லை. திரும்பப் பேசியபோது குரல் தெளிவாகத்தான் இருந்தது.

"எங்க கூடத்துல பதினாலு பேர்ப்பா. ஒருத்தி நாலு வருஷமா இருக்கா. அவ பையன் அவளை அடையாளம் தெரியாம சித்தின்னு கூப்பிடறான். எல்லாரும் பயந்துட்டே இருந்தாங்க, ஏதாவது நடந்துடும், எவனாவது ஏமாத்திடுவான்னு. நான்தான் சொன்னேன். கதவுல இருக்கறது எங்க அப்பா. எவன் ஏமாத்தினாலும் அவர் ஒரு வினாடி பிசக மாட்டார்னு. தினம் சொன்னேன். இப்போ நான் உள்ள போய் அவங்ககிட்ட என்ன சொல்லட்டும்?"

"தோத்துடுச்சுன்னு மட்டும் சொல்லும்மா," என்று மனைவி முந்திக்கொண்டாள். "அப்பாவைப் பத்தி எதுக்கு?"

"பொய் எழுதாததுக்காகத்தாம்மா இங்க உட்கார்ந்திருக்கேன்."

வார்டர் வந்து நேரமாயிற்று என்றாள். மகள் எழுந்தாள். இவர் என்னமோ சொல்ல வாயெடுத்தார். மன்னித்துவிடு என்பதா, அடுத்த வருடம் மறுபடி கொண்டுவருவார்கள் என்பதா, அவருக்கே தெரியவில்லை.

"அடுத்த மாசம் அம்மா மட்டும் வரட்டும்பா," என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் இவர் அடுத்த மாதமும் போயிருப்பார்.

அடுத்த மாதம் சிறை வாசல்வரை இவர்தான் பையைச் சுமந்துகொண்டு போனார். வாங்கிய சோப்பு, உள்பாவாடை, நெஞ்செரிச்சல் மருந்தை மனைவி குடித்து முடித்துவிட்டாள் என்று மகளுக்குக் காட்ட அதன் வெற்றுப் புட்டி. மனைவி பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். இவர் எதிர்ப்புறத்து மதில் ஓரமாக, வெயிலில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பத்து நிமிடத்தில் அவள் வெளியே வந்தாள். சாலையைக் கடந்து வரும்வரை பொறுக்க அவரால் முடியவில்லை; பாதி வழிக்கே போய்விட்டார்.

"எப்படி இருக்கா?"

"இருக்கா. இன்னொரு ஆறு மாச ஆணை வந்திருக்காம்."

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இல்லைங்க," என்றாள்.